வாய்க்கால் முடியும் இடம்

ஈரோட்டு ஏலக்கூடத்தில் மஞ்சளை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. உடைத்துப் பார்க்கிறார்கள். குவியலிலிருந்து ஒரு விரலியை எடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் நடுவில் கொடுத்து ஒரே முறி. உலோகம் தெறித்தாற்போல் சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. முறிந்த முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டி நிறம் பார்க்கிறார்கள். பிறகு துண்டுகளைக் குவியலிலேயே போட்டுவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். விலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது கணினிக்குப் போகிறது.

விரலி வேறு, கிழங்கு வேறு. இரண்டுக்கும் தனித்தனி விலை. நடுவில் உருண்டையாகத் திரண்டிருக்கும் தாய்க் கிழங்கை இங்கே வெறுமனே ‘கிழங்கு’ என்கிறார்கள். அதன் பக்கவாட்டில் விரல் விரலாகக் கிளைத்தவை விரலி. கார்த்திகை மாதம் ஆதலால் புதுச் சரக்கு இன்னும் வரவில்லை. வயலில் மஞ்சள் இடுப்புயரத்துக்கு நிற்கிறது, தை பிறந்த பிறகுதான் வெட்டு. இப்போது ஏலத்துக்கு வருவது கிடங்குகளில் இருப்பு வைத்த பழைய சரக்கு. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நாலு இடத்தில் ஏலம் நடக்கிறது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேசிய மஞ்சள் வாரியத்தின் தலைமையகம் மட்டும் 2025 ஜனவரியில் தெலங்கானாவின் நிஜாமாபாத்துக்குப் போய்விட்டது. இங்கே அதைப் பற்றிக் கேட்டால் பேச்சு நீளும்.

ஏலத்துக்கு வரும் மஞ்சள் செத்த மஞ்சள். மண்ணிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்திருந்தால் கணுவுக்குக் கணு முளைவிடும். அதனால்தான் வேகவைக்கிறார்கள். முன்பு பெரிய கொப்பரைகளில் வெந்தது, இப்போது நீராவி. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நுரை கட்டி, அதற்கே உரிய வாசனையோடு ஆவி கிளம்பும். அந்த வேக்காட்டில் முளை சாகிறது, மாவு இறுகுகிறது, சாயம் உள்ளுக்குள் சீராகப் பரவுகிறது. அப்புறம் இரண்டு வாரம்வரை வெயில். அதன் பிறகு பீப்பாய் போன்ற உருளையில் போட்டுச் சுற்றி மெருகேற்றுகிறார்கள். நாம் பார்க்கும் வழுவழுப்பு அங்கே வந்தது.

முளைவிடுவதால்தான் தாவரவியலாளர்கள் மஞ்சளை வேர் என்று ஒப்புக்கொள்வதில்லை. அது தண்டு. வெயில் பக்கம் போகாமல் மண்ணுக்குள்ளேயே படுத்துக்கொண்ட தண்டு. விரலியின் மேல் ஓடும் வளையங்கள் பழைய செதில் இலைகள் உதிர்ந்த தழும்புகள், அவையே கணுக்கள். கணுவில் மொட்டு உண்டு, வேருக்கு அந்தக் கணு கிடையாது. பள்ளிப் புத்தகத்தில் படித்த மட்டநிலத் தண்டு, கந்தம், குமிழம் எல்லாம் இந்த வகையறாதான்.

ஏலக்கூடத்திலிருந்து வெளியே வந்து, கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றேன். சாக்குகளின் வாய் திறந்திருந்தது. சுக்கு, சித்தரத்தை, வசம்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு. எல்லாமே தரைக்கடித் தண்டுகள். நன்னாரியும் அமுக்கராவும் தண்ணீர்விட்டானும் அவற்றுக்கு நடுவே வேரினத்தின் பிரதிநிதிகளாக உட்கார்ந்திருந்தன. மண்ணுக்குள் இருக்கும் தண்டில் ஏன் இவ்வளவு மருந்து என்று கேட்டால், அது செடியின் சேமிப்புக் கிடங்கு என்பதுதான் பதில். இலையெல்லாம் காய்ந்து சருகான பின்னும் அடுத்த மழைவரை உயிரை வைத்திருக்க வேண்டும். அவ்வளவு மாவுப்பொருளை மண்ணுக்குள் வைத்தால் பூச்சி, பூஞ்சை, எலி, பன்றி எல்லாம் தேடி வரும். ஓடிப் போக முடியாத செடி அதை உறைப்பாகவும் கசப்பாகவும் நஞ்சாகவும் ஆக்கி வைக்கிறது. கருணைக்கிழங்கு தொண்டையை அரிப்பது அதனுள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். அதையே புளிவிட்டு அடக்கிக் குழம்பு வைக்கிறோம், மூலத்துக்கு லேகியமும் கிண்டுகிறோம்.

நான் நின்றிருந்தபோது ஓர் அம்மாள் வசம்பு கேட்டார். கடைக்காரர் துண்டை எடுத்து நிறுத்தபடியே, “யாருக்குங்க?” என்றார்.

“பேத்திக்குங்க. மூணு மாசம். வயிறு உப்பிக்குது.”

“வெளியில வேணா பத்துப் போடுங்கம்மா. நாக்குல தடவிறாதீங்க. இப்ப டாக்டருங்க வேண்டாங்கிறாங்க.”

அம்மாள் அவரை நம்பாத முகத்தோடு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய பொருளைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்றால் எந்தப் பாட்டி கேட்பாள்? ஆனால் கடைக்காரர் சொன்னது சரி. வசம்பில் பீட்டா-அசரோன் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வக எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்ததைப் பார்த்து, 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவுப் பொருள்களிலிருந்து விலக்கியது. ஐரோப்பாவில் வளரும் வசம்பில் இது குறைவு, நம் நாட்டு வசம்பில் அதிகம்.

மஞ்சளுக்கு அந்த மாதிரி கெட்ட பெயர் கிடையாது. அதன் தொல்லை வேறு. 1995-ல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையை அமெரிக்கா கொடுத்தது. விண்ணப்பித்த இருவரும் இந்திய வம்சாவளியினர். விஞ்ஞானி மஷேல்கர் தலைமையில் இயங்கிய இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மனுப் போட்டு, 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை உட்பட 32 ஆதாரங்களைக் கொடுத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. நாம் அதை இன்றுவரை வெற்றியாகக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த வழக்கில் மெய்ப்பிக்கப்பட்டது, மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதல்ல. மஞ்சளைக் காயத்துக்குப் போடுவது பழைய வழக்கம் என்பது மட்டும்தான். இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை 1815-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் அது செய்யாத வேலை இல்லை. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். மிளகில் உள்ள பைப்பெரின் சேர்ந்தால் ஏறும் அளவு பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ல் காட்டினார்கள். மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போடும் வீடுகள் இதைப் படித்தால் சந்தோஷப்படும். ஆனால் 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, குர்குமினை ஒரு மருந்து என்று சொல்ல வலுவான மனிதச் சோதனை ஒன்றுகூட இல்லை என்று எழுதிவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டாக அடுப்படியில் இருக்கும் பொருள், மருந்துப் பட்டியலின் வாசலிலேயே நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான கிழங்கு ஒன்று தெற்கே அறுபது, எழுபது கிலோமீட்டரில் விளைகிறது. எந்த அடுப்படிக்குள்ளும் நுழையாதது. அதைப் பார்க்கத்தான் சிவகிரி பேருந்தில் ஏறினேன்.

ஈரோட்டிலிருந்து தெற்கே போகும்போது தண்ணீரின் கணக்கு சன்னலோரம் தெரிந்துகொண்டே வரும். காவிரியை ஒட்டிக் காலிங்கராயன் வாய்க்கால், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டுமானம். மேட்டில் கீழ்பவானி வாய்க்கால், பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கருக்குப் பாய்வது. வாய்க்கால் தண்ணீர் எட்டும் வரை மஞ்சள். வரப்போரம் ஆமணக்கு, நடுவில் அகன்ற இலை விரித்த மஞ்சள், அங்கங்கே வாழை, கரும்பு. முத்தூர் தாண்டியதும் வாய்க்காலின் கடைமடையும் முடிகிறது. அதன் பிறகு மண்ணின் நிறமே வேறு.

வெள்ளக்கோவில் தாண்டினால் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். அந்தக் கிளுவை வேலிகளில் மழைக்குப் பின் தானாகக் கொடியேறுவது செங்காந்தள். ஊரில் அதைக் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள், சிலர் கலப்பைக்கிழங்கு. வேலியில் கிடந்த அந்தக் கொடி இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கம்பிப் பந்தலும் சொட்டுநீருமாகப் பயிராகிவிட்டது.

மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு விடிகாலையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்குப் போனபோது எனக்கு முன்பே பெண்கள் வரிசை பிடித்து வேலையில் இருந்தார்கள். தோட்டம் முழுக்கப் பூ. ஆறு இதழும் பின்னால் வளைந்து, ஓரம் நெளிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக. சங்கப் புலவர்களின் குறிஞ்சி நிலப் பூ, முருகனுக்கு உகந்தது, தமிழ்நாட்டின் மாநில மலர். பந்தலில் பயிராக நிற்கும்போது இந்தப் பெருமையெல்லாம் நினைவுக்கு வருவதில்லை, பூ பூவாக எண்ணத்தான் தோன்றுகிறது.

பெண்கள் செய்துகொண்டிருந்தது மகரந்தம் தொட்டு வைப்பது. காந்தளின் சூல்தண்டு அடியிலேயே வளைந்து, பூவை விட்டு ஒதுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தன் மகரந்தம் தன்மேல் விழாதிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து வேலையை முடிக்கும். ஏக்கர் கணக்கில் பூத்தால் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மனிதக் கை. ஒரு பூவின் மகரந்தப் பையைத் தொட்டு, அடுத்த பூவின் சூல்முடியில் வைக்க வேண்டும். வெயில் ஏறும் முன் முடித்தாக வேண்டும், பூக்கும் காலம் முழுக்கத் தினமும்.

“தொடாத பூவு காய் புடிக்காதுங்களா?” என்றேன்.

“புடிக்கும், ஆனா சொத்தையாப் போயிரும். உள்ள நாலு வெத இருந்தாப் பெரிசு” என்றார் ஓர் அக்கா. “வேல முடிஞ்சு கைய நல்லாக் கழுவாம சோத்துல வெக்க மாட்டோமுங்க.”

தோட்டக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். வரப்போரம் ஒரு கொடியின் அடியை மெதுவாகக் கொத்தி, கிழங்கைக் காட்டினார். ஏர்க்கலப்பை போலவே இரண்டு கையாக மடங்கிய கிழங்கு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. மஞ்சளைப் போல எங்கே நறுக்கினாலும் கணு இருக்கும் என்ற கதை இங்கே இல்லை. நுனி ஒடிந்தால் அந்தக் கை பயனற்றது. “கொழந்தையாட்டத் தூக்கோணுமுங்க” என்று சொல்லிவிட்டு மண்ணை மூடினார்.

ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் கிழங்கு நட வேண்டும். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூ, தை, மாசியில் காய் பறிப்பு. அப்புறம் கொடி காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும், அடுத்த ஆடிக்குத் திரும்ப எழும். விற்பது இந்தக் கிழங்கையல்ல, விதையை. ஏக்கருக்குக் கிடைப்பது நூறு கிலோ சுமார். ஒரு டன்னை மண்ணுக்குள் வைத்து நூறு கிலோ எடுக்கிற விவசாயம்.

சித்த மருத்துவத்தில் கிழங்கு இருக்கிறது, ஆனால் பயத்தோடு. மூட்டு வீக்கத்துக்கும் பேனுக்கும் வெளிப்பூச்சு. பிரசவ வலியைத் தூண்ட உள்ளங்கையில் அரைத்துப் பூசிய பழைய வழக்கமும் உண்டு. உள்ளுக்குக் கொடுப்பதென்றால் சுத்தி செய்யாமல் கொடுப்பதில்லை. சீவி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் காயவைத்து, திரும்ப ஊறவைத்து, இப்படிப் பல நாள். இந்திய மருந்துச் சட்டத்தின் நச்சு மூலிகைப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. இலங்கையில் இதற்கு நியங்கலா என்று பெயர், வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்களின் கதை அங்கே மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் வாந்தியும் பேதியும். அது தணிந்தாற்போல் இருக்கும்போது எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்யும். பிழைத்தவர்களுக்குச் சில வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

முடி கொட்டுவதும் கீல்வாதம் குணமாவதும் ஒரே செயலின் இரண்டு பக்கம். கிழங்கிலும் அதைவிட அதிகமாக விதையிலும் இருப்பது கால்ச்சிசின். 1820-ல் பெல்த்தியே, காவெந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தது காந்தளிலிருந்து அல்ல, ஐரோப்பியப் புல்வெளிகளில் பூக்கும் கால்ச்சிக்கம் என்ற அதன் தூரத்து உறவிலிருந்து. அதுவும் தரைக்கடித் தண்டுதான், கந்தம் வகை. ஆறாம் நூற்றாண்டு பைசாந்திய மருத்துவர் திரால்லசின் அலெக்சாந்தர் கீல்வாதத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லும் மருந்தும் அந்த இனம்தான். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் கட்டப்படாமல் கால்ச்சிசின் தடுக்கிறது. அந்தக் குழல்கள் இல்லாவிட்டால் வெள்ளணுக்களால் பெருவிரல் மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகத்தை நோக்கிப் படையெடுக்க முடியாது, வீக்கம் அடங்கும். அளவு மீறினால் எந்தச் செல்லாலும் இரண்டாகப் பிரிய முடியாது, மஜ்ஜையும் முடிவேரும் முதலில் அடிபடும். பயிர் ஆராய்ச்சியாளர்கள் இதே குணத்தை வைத்து, செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்க 1937 முதல் பயன்படுத்துகிறார்கள். விதையில் உள்ள இன்னொரு பொருளிலிருந்து, கழுத்துப் பிடிப்புக்கு மருத்துவர் எழுதும் தயோகால்ச்சிகோசைடும் தயாராகிறது.

மஞ்சளுக்கு வேண்டிய நிரூபணமெல்லாம் இதற்கு இருக்கிறது. 2009-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒரு நிறுவனத்தின் கால்ச்சிசின் மாத்திரைக்கு முறைப்படி அங்கீகாரமும் தனி விற்பனை உரிமையும் கொடுத்தது. 10 சென்ட்டுக்கும் குறைவாக விற்ற மாத்திரை 5 டாலரை நெருங்கியது. 2023-ல் மாரடைப்பைத் தடுக்கவும் குறைந்த அளவில் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள்.

அந்த ஐந்து டாலர் மூலனூருக்கு எந்த வழியிலும் வரவில்லை. விதை இங்கிருந்து வியாபாரி கைக்கும் அங்கிருந்து பிழிந்தெடுக்கும் ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. விலை ஒரு வருஷம் கிலோ ஆயிரங்களில் எகிறும், மறு வருஷம் சரியும். மஞ்சளுக்கு இருப்பது போல ஏலக்கூடம் இல்லை, உடைத்துப் பார்க்கும் சடங்கும் இல்லை. வியாபாரி சொல்வது விலை. குறைந்தபட்ச விலை வேண்டும் என்று இப்பகுதி விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திண்ணையில் மோர் கொடுத்தார்கள். தோட்டக்காரரின் தாயார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் காய்ந்த மஞ்சள் பற்று, சுக்கும் சேர்த்து அரைத்ததாம்.

“வெச்சாக் கேக்குதுங்களா ஆத்தா?”

“கேக்குதோ இல்லியோ, சூடா இருக்குதல்லோ சாமி.”

“மூட்டு மருந்து தோட்டத்துலயே வெளையுதே” என்றேன். கிழவி சிரித்துவிட்டார். “அத வூட்டுக்குள்ள விடுவமா? எங்க மாமியா காலத்துல வேலியில கெடந்தாலே புள்ளைகள அந்தப் பக்கம் விட மாட்டாங்க.” அவருக்கு இருப்பது தேய்மானம், கீல்வாதம் அல்ல, கால்ச்சிசின் எப்படியும் உதவாது என்பது வேறு விஷயம்.

வேலியில் கிடந்தது இப்போது குறைந்துவிட்டது. விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும், அவ்வளவு காலம் யாரும் காத்திருப்பதில்லை. அதனால் நடவுக் கிழங்குக்காகக் காட்டிலும் மலையடிவாரத்திலும் தோண்டினார்கள். கொறங்காட்டு வேலிகளில் நான் தேடிப் பார்த்தபோது ஒரே இடத்தில்தான் கொடி இருந்தது. பந்தல் பயிராகப் பெருகிய செடி வேலியில் அருகிப் போவது மூலிகைகளுக்கு வழக்கமாக நடப்பதுதான். இருந்தாலும் விதையை விற்கிற முறை வந்தது ஒருவகையில் நல்லது. கிழங்கையே மருந்துக்கு அள்ளியிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

கிளம்பும்போது தோட்டக்காரரிடம், அடுத்த வருஷமும் இதையே வைப்பீர்களா, விலை இறங்கினால் முருங்கைக்கு மாறிவிடுவீர்களா என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டமெல்லாம் முருங்கைதான்.

“மாறலாமுங்க. ஆனா ஏக்கருக்கு ஒரு டன் கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்குது. வெல இருந்த வருஷம் வாங்குனது. அத எடுத்து விக்கோணும்னா இன்னொருத்தன் நடோணும். வெல எறங்குனா எவன் நடுவான்?”

பந்தல் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் இன்னும் நாலு வரிசை பாக்கி இருந்தது. செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு அவரும் பூத்தொட இறங்கினார்.